சூதும் சுற்றமும்

திருக்குறளில் சூதைப் பற்றிய அதிகாரம் கள்ளுண்ணாமைக்கு அடுத்ததாகவும் மருந்துக்கு முந்தியதாகவும் அமைந்திருப்பதைப் பள்ளிப் பருவத்திலேயே வரிசையாக ஒப்பித்திருக்கிறோம். ஒப்பித்தவர்களுள் அந்த வரிசைக்கு ஏதேனும் தாத்பரியம் உண்டா என்று யோசித்தவர்கள் சொற்பமே. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன்னுடைய நோய்ப் பட்டியலில் சூதாட்ட வெறிக்கு முதன்முதலாக இடம் கொடுத்தது 1980ஆம் ஆண்டில். அப்போதும் அதைத் திருட்டு வெறி, தீ வைக்கும் வெறி ஆகிய விபரீத உந்துதல்களோடு ஓர் இனமாகவே வைத்தது. மூளைக்குள் நடப்பதைப் படம் பிடித்துக் காட்டும் கருவிகள் வந்து, மதுவுக்கு அடிமையானவனுடைய மூளையும் சூதுக்கு அடிமையானவனுடைய மூளையும் பல விஷயங்களில் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன என்று தெரிந்த பிறகு, 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பில்தான், அந்நோய் லாகிரி வஸ்துக்களுக்கு அடிமையாதலைக் கூறும் அத்தியாயத்துக்கு, அதாவது கள்ளுக்குப் பக்கத்தில் வள்ளுவர் வைத்த இடத்துக்கே, வந்து சேர்ந்தது.

அந்த ஐந்தாம் பதிப்பு இந்நோய்க்கு ஒன்பது லக்ஷணங்களைச் சொல்லி, அவற்றுள் நான்கு ஓராண்டுக் காலத்துக்குள் காணப்பட்டால் நோய் உண்டென்று தீர்மானிக்கலாம் என்கிறது. இழந்ததை மீட்க மறுபடியும் ஓடுவது, பந்தயத் தொகையை வரவர உயர்த்த வேண்டியிருப்பது முதலியவை ஆடுபவனைப் பற்றியவை. ஆடுவதை மறைக்கப் பொய் சொல்லுதல், முக்கியமான உறவையோ உத்தியோகத்தையோ பறிகொடுத்தல், பண நெருக்கடி தீரப் பிறர் கையை எதிர்பார்த்தல் என்னும் மூன்று மட்டும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கின்றன. அங்கேயும் மனைவியும் மக்களும் பெற்றோரும் நோய்க்குச் சாட்சிகளாக வருகிறார்களே அன்றி, நோயால் வருந்துகிறவர்களாக வரவில்லை. பொய் சொல்லப்பட்டவளுக்கு என்ன நேர்ந்தது, பணம் கொடுத்துக் கைதூக்கிவிட்ட தகப்பனார் அதன்பின் எப்படி உறங்கினார் என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. நோயாளியைக் குறித்த நூலில் அதற்கு இடமில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒரு சீட்டையும் தொடாதவர்கள் தலையில் நஷ்டத்தின் பெரும்பங்கு விழுகின்ற நோய் இது என்பதால், அந்தச் சமாதானம் எனக்குத் திருப்தி அளிக்கவில்லை.

இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டவர்கள் ஆஸ்திரேலியர்கள். அதற்குக் காரணமும் அவர்களுக்கு இருந்தது. நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் 1956ஆம் ஆண்டிலேயே மனமகிழ் மன்றங்களில் சூதாட்ட இயந்திரங்களை வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுத்துவிட்டது. மற்ற மாநிலங்களும் பெரும்பாலும் 1990களில் அந்த வழியில் போயின. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் சூதில் உலகிலேயே அதிகமாக இழப்பவர்கள் அந்நாட்டவரே. 1999இல் அந்நாட்டு அரசின் உற்பத்தித்திறன் ஆணையம், ஒருவனுடைய சூதாட்ட வெறி ஐந்து முதல் பத்துப் பேரைத் தாக்குவதாக மதிப்பிட்டது. 2017இல் வெளியான வேறோர் ஆராய்ச்சி இதைச் சற்றுத் துல்லியமாக்கி, வெறி முற்றியவன் ஒருவனால் சராசரியாக ஆறு பேரும், நடுத்தரமான அபாயத்தில் ஆடுபவனால் மூன்று பேரும், சிறிய அபாயத்தில் ஆடுபவனாலும்கூட ஒருவரும் பாதிக்கப்படுகிறார்கள் என்று கூறிற்று. அந்த ஆறு பேருள் முதலில் நிற்பவர்கள் வாழ்க்கைத் துணையும் மக்களுமே. இந்தக் கணக்கை நம் ஊர்க் குடும்பங்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனன், மகள் கல்யாணத்துக்கென்று எடுத்த ஏலச்சீட்டுப் பணத்தை நம்பிக் கொடுத்துவைத்த அக்காள், ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் வட்டி கட்டும் தாயார் என்று நம் வீடுகளின் எல்லை அகன்று கிடக்கிறது.

வீட்டார் எல்லோரும் முதலில் கேட்பது, "படித்தவன், நாலும் தெரிந்தவன், இவனுக்குப் புத்தி எங்கே போயிற்று?" என்பதுதான். புத்தி எங்கும் போய்விடவில்லை. அது பழகிக்கொள்ளும் முறையையே ஆட்டம் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் சில உயிரணுக்கள் இருக்கின்றன. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் இவற்றை ஆராய்ந்தபோது, எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால் இவை பரபரப்பதையும், எதிர்பார்த்தபடியே கிடைத்தால் சும்மா இருப்பதையும், எதிர்பார்த்தது கிடைக்காமற்போனால் அடங்கிவிடுவதையும் கண்டார். ஆகவே இவற்றைத் தூண்டுவது லாபமன்று, லாபத்தில் உள்ள வியப்பே என்று ஆகிறது. மாதச் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் அது சொன்ன தேதியில் வருவதால் அந்த வியப்பு அதில் இல்லை. சீட்டாட்டத்திலோ ஒவ்வொரு கையிலும் அது உண்டு. எத்தனை முறை கொத்தினால் தீனி விழும் என்று நிச்சயம் இல்லாதபோதுதான் புறாக்கள் மிகவும் விடாமுயற்சியோடு கொத்திக்கொண்டிருக்கின்றன என்று அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னர் அதற்கு வெகுகாலம் முன்பே காட்டியிருந்தார். மயிரிழையில் தவறும் தோல்வி இன்னும் விபரீதமானது. 2009இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் அவருடைய சகாக்களும் நடத்திய பரிசோதனையில், வெற்றியை ஒட்டி வந்து தவறிய தோல்வி, வெற்றியால் தூண்டப்படும் மூளைப் பகுதிகளிலேயே சிறிது சலனத்தை எழுப்பி, மறுபடியும் ஆடும் ஆசையையும் வளர்த்தது. "ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் டிக்ளேர் செய்திருப்பேன்" என்று சொல்லுகிறவன் வீட்டாருக்குத் தோற்றவனாகத் தெரிகிறான். அவனுக்கோ தான் நெருங்கிவிட்டவனாகத் தோன்றுகிறது. இந்த இரண்டு பார்வைகளும் ஒரே கூரையின்கீழ் ஒன்றை ஒன்று புரிந்துகொள்ளாமல் வாழ வேண்டியிருக்கிறது.

இது குணக்கேடு மாத்திரமே என்று சாதிப்பவர்களுக்குப் பார்க்கின்சன் நோயாளிகளின் அனுபவம் ஒன்றே போதும். கைகால் நடுக்கத்துக்காக டோபமைனைப் போல வேலை செய்யும் பிரமிபெக்சோல் முதலிய மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுள் சிலர், வாழ்நாள் முழுவதும் சிக்கனமாய் இருந்தவர்கள்கூட, முதுமையில் திடீரென்று சூதில் இறங்கிவிடுகிறார்கள். மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் அந்த வேகம் தணிந்துவிடுகிறது. அதனால் இம்மருந்தை எழுதும் வைத்தியர் நோயாளியோடு நிற்காமல் வீட்டாரையும் எச்சரித்துவைப்பது நல்ல வைத்திய முறையாகக் கருதப்படுகிறது. இதனால் சூதாடுகிறவன் எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுபட்டுவிடுகிறான் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லுவதற்கு மூளை மட்டும் போதாது, ஒரு தீர்மானமும் வேண்டும்.

குடிக்கும் சூதுக்கும் உள்ள பெரிய பேதம் அந்தப் பொய்யில்தான் இருக்கிறது. குடித்துவிட்டு வருகிறவனை வாசற்படியிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். சூதுக்கு வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை. அந்தக் காலத்தில் மங்காத்தா ஆட ஊருக்கு வெளியே தோப்புக்குப் போக வேண்டும். போகிறவனைப் பார்த்தவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். இப்போது கைப்பேசி ரம்மி, படுக்கையில் மனைவிக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பவனுடைய உள்ளங்கைக்குள் நடக்கிறது. பணம் போகும் வழியும் பல வீடுகளில் ஏறத்தாழ ஒரே கிரமத்தில் அமைகிறது. முதலில் சேமிப்புக் கணக்கு, பிறகு ஆயுள் காப்பீட்டின்மேல் கடன், பிறகு சேமநல நிதி, பிறகு அலுவலகத்தில் கைமாற்று, பிறகு நகை, கடைசியில் ஐந்து நிமிஷத்தில் பணம் கொடுத்து ஆறாவது நாளே மிரட்டத் தொடங்கும் கடன் செயலி. இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில்தான் வீடு விழித்துக்கொள்கிறது. தம்பி மகளின் காதணி விழாவுக்குப் போட்டுக்கொண்டு போகலாமென்று பீரோவைத் திறந்து பெட்டியிலிருந்து வளையல்களை எடுக்கிறாள் ஒருத்தி. எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. கையில் ஏற்றும்போதுதான் கனம் குறைவதுபோல் தோன்ற, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் உட்புறத்தில் பூச்சுத் தேய்ந்து செம்பு தெரிகிறது. கடையில் பார்த்து அதே வேலைப்பாட்டில் கவரிங் வாங்கி, அசலை எடுத்துவிட்டு இதை வைக்க எவ்வளவு நிதானம் வேண்டியிருந்திருக்கும் என்பதுதான் அந்த நிமிஷத்தில் அவள் நெஞ்சைத் தைக்கிறது. அடகு வைத்த தொகை எவ்வளவு என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த நாளுக்குப் பிறகு அவளுடைய வாழ்க்கை ஒரு காவற்காரனுடைய வாழ்க்கையாகிறது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கிறாள். குளியலறையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனிக்கிறாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கை நடுங்குகிறது. உடம்பு இதற்காக அமைந்ததன்று. ஆபத்து வந்தால் சிறுநீரகத்தின்மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் பெருக்கி இருதயத்தை விரைவுபடுத்துவதும் தூக்கத்தை விலக்குவதும், புலியிடமிருந்து தப்பி ஓடும் அரைமணி நேரத்துக்கு உதவுகிற ஏற்பாடு. மாதக்கணக்காக, வருஷக்கணக்காக அந்தச் சுரப்பு நீடித்தால் இரத்த அழுத்தமும் ஜீரணமும் நோய் எதிர்க்கும் சக்தியும் கெடுகின்றன. சூதாடிகளின் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுவதற்கென்று 1960இல் அமெரிக்காவில் தோன்றிய கேம்-அனான் என்ற அமைப்பின் கூட்டங்களுக்கு வந்த மனைவியரை 1980களில் விசாரித்த ஆராய்ச்சியாளர்கள், தீராத தலைவலி, வயிற்றுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றை அவர்களிடம் மிகுதியாகக் கண்டார்கள். இத்தகைய பெண்மணிகள் பொது வைத்தியரிடம் போய் வயிற்றுவலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். வைத்தியரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்லுவதில்லை.

இவ்விடத்தில் சாஸ்திரம் செய்த ஓர் அநியாயத்தையும் குறிப்பிட வேண்டும். குடிகாரர்களுடைய மனைவியரைப் பற்றிச் சென்ற நூற்றாண்டின் நடுவில் எழுதிய சில மனோதத்துவ நிபுணர்கள், அவர்களுக்கே ஏதோ மனக்கோணல் இருப்பதால்தான் இத்தகைய புருஷனைத் தேர்ந்தெடுத்து அவனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதி வைத்தார்கள். நம் ஊரில் அதே அபிப்பிராயம் "அவள் சரியாக இருந்தால் அவன் ஏன் இப்படிப் போகிறான்?" என்ற வடிவத்தில் இன்றும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனில் ஜிம் ஆர்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் பல நாடுகளில் குடும்பத்தாரோடு பேசி ஆராய்ந்து, இவர்கள் நோயாளிகள் அல்லர், அசாதாரணமான நெருக்கடியில் சிக்கித் தமக்குத் தெரிந்த வகையில் சமாளிக்கும் சாதாரண மனிதர்களே என்ற கொள்கையை நிலைநாட்டினார்கள். எளிமையான கொள்கைதான், ஆனால் இது வந்த பிறகே வீட்டாருக்கென்று தனியாக உதவி கொடுக்கலாம் என்ற எண்ணம் உருவாயிற்று.

குழந்தைகளைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சில ஆராய்ச்சியாளர்கள், தாயோ தகப்பனோ சூதாடும் வீட்டுப் பிள்ளைகளை நேரில் கேட்டு 2001இல் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிட்டது. அப்பிள்ளைகள் பேசியது பெரும்பாலும் இழப்பைப் பற்றியே: சாப்பாட்டுக்கும் பள்ளிச் செலவுக்கும் இருக்க வேண்டிய பணத்தின் இழப்பு, வீட்டில் இருந்தும் இல்லாதவர்போல் ஆகிவிட்ட பெற்றோரின் இழப்பு, சொன்ன சொல்லை நம்பும் சக்தியின் இழப்பு. தன் உண்டியலை உடைத்தவர் யார் என்று தெரிந்துகொண்டும் அம்மாவுக்காக வாய் திறவாமல் இருக்கும் எட்டு வயதுக் குழந்தை, பெரியவர்களுக்கு உரிய ஒரு பாரத்தைச் சுமக்கிறது. சூதாடுபவரின் பிள்ளைகள் வளர்ந்தபின் தாமும் சூதாடும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பதும் பல ஆராய்ச்சிகளில் தெரிகிறது. அதில் பரம்பரை எவ்வளவு, பார்த்துப் பழகியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுவது கடினம்.

அடிதடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு கணிப்பின்படி, சூதாட்டச் சிக்கல் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் துணைவரைத் துன்புறுத்தியவர்கள். ஏறக்குறைய அதே அளவினர் துணைவரால் துன்புறுத்தப்பட்டவர்கள். கடன் வெளியாகும் இரவு இரு பக்கத்துக்கும் ஆபத்தான இரவு. சூதாட்ட நோய் என்று மருத்துவமனைகளில் கணிக்கப்பட்டவர்களிடையே தற்கொலை மரணம் பொது ஜனங்களைப்போல் பதினைந்து மடங்கு என்று ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2018இல் கணக்கிட்டார்கள். இவர்களுள் மனச்சோர்வும் குடியும் உடையவர்கள் பலர் என்பதால் எல்லாவற்றுக்கும் சூதே காரணம் என்று சொல்லக்கூடாது. ஆயினும் வீட்டார் அறிந்திருக்க வேண்டிய எண் இது.

இனி, வீட்டாரே நல்லெண்ணத்தால் செய்யும் காரியம் ஒன்று. நிலத்தை விற்று, அல்லது தாலிக்கொடியை அடகு வைத்து, கடன் முழுவதையும் ஒரே நாளில் அடைத்து, கோயிலில் சத்தியம் வாங்கிக்கொள்வது நம்மிடையே கௌரவமான செயலாகக் கருதப்படுகிறது. 1972இல் ஒஹாயோவில் சூதாடிகளுக்கென்று முதன்முதலாக மருத்துவமனைச் சிகிச்சை தொடங்கிய ராபர்ட் கஸ்டர் என்ற மருத்துவர், இந்தக் கைதூக்கலைத் தம் நோயாளிகளின் கதைகளில் திரும்பத் திரும்பக் கண்டார். அடுப்பைத் தணிக்காமல் பொங்குகிற பாலில் தண்ணீர் தெளிப்பதற்கு ஒப்பான வைத்தியம் இது. கடன்காரன் வாசலுக்கு வராமற்போன உடனே, ஆடியவன் மனத்தில் எஞ்சுவது, எப்படியோ பணம் வந்துவிடும் என்ற பாடம். அது ஒரு பெரிய வெற்றியைப் போலவே அவனை மறுபடியும் இழுக்கிறது. இதைவிடக் கொடியது கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று கல்யாணம் செய்துவைப்பது. பந்தயம் வைக்க ஒன்றும் இல்லாதவனுக்குப் பிறர் வீட்டுச் சீதனத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் இந்த வழக்கத்தை, மரியாதையான வார்த்தை எதனாலும் என்னால் குறிப்பிட முடியவில்லை.

அரசாங்கங்களோ பெரும்பாலும் ஆட்டத்தைப் பார்க்கின்றன, வீட்டைப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு அரசே 1968இல் பரிசுச் சீட்டு நடத்தி, பரிசு கிடைத்தால் வீட்டுக்கு லாபம், கிடைக்காவிட்டால் நாட்டுக்கு லாபம் என்ற தோரணையில் அதை விற்றது. கிடைக்காத வீட்டின் நஷ்டம் அந்தக் கணக்கில் வரவில்லை. 2003இல் லாட்டரி முழுவதும் தடை செய்யப்பட்டது. இணையச் சூதாட்டத்தை ஆராய 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்து, சட்டமும் இயற்றப்பட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் ஆதலால் அவற்றைத் தடுக்க முடியாது, நெறிப்படுத்தலாம் என்றது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கில் சட்ட நுணுக்கம் மிகுதி. வளையலை இழந்தவளுக்கு அது திறமையால் போனதா அதிர்ஷ்டத்தால் போனதா என்பதில் யாதொரு பேதமும் இல்லை. பிறகு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் சட்டம் வருவதற்கு முன்னால் பட்ட கடன் வீட்டில் அப்படியேதான் இருக்கிறது.

அந்த வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை சில. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. கணவன் தன் பேரில் மட்டும் வாங்கிய கடனுக்கு, கையெழுத்திடாத மனைவி சொந்த முறையில் பொறுப்பாளி அல்லள்; ஜாமீன் கையெழுத்திட்டவரோ கடன் வாங்கியவருக்குச் சமமாகப் பொறுப்பேற்கிறார். ஆகையால் கண்ணீருக்கு இரங்கி எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். வங்கிக் கணக்கையும் நகையையும் பத்திரங்களையும் பிரித்து வைத்துக்கொள்வது துரோகமாகாது. ஆடுபவருக்குப் பேச்சு முறைச் சிகிச்சை பலனளிக்கிறது. சிலருக்கு நால்ட்ரெக்சோன் என்ற மருந்தும் உதவுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், கைப்பேசியும் இணையமும் அடிமைப்படுத்தியவர்களுக்கென்று 2014 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது. ஆனால் ஆடுபவர் சம்மதித்து வரும்வரை வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. தூக்கமும் பசியும் கெட்டவர் தமக்காகவே மருத்துவரிடம் போகலாம். போனால், வயிற்றுவலியோடு வீட்டில் நடப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம், அழைப்பவர் ஆடுபவராகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதும் அதற்கு இல்லை.